எலி செல்லில் பழகிய கையோடு செடி மரபணுவின் சுவிட்சைத் தேடுவது எப்படி

எம்.எஸ்சி., அப்புறம் ப்ராஜெக்ட் ஃபெலோ என்று நாலைந்து வருஷம் எலி செல்லையும் ஹீலா என்ற மனிதச் செல்லையும் வளர்த்துப் பழகியவர், பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தது செடி லேபில் என்று வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற கதை. நானும் அப்படி வந்தவன்தான். மரபணு மரபணுதானே, அதைப் படியெடுக்கிற எந்திரம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, ப்ரைமரை (வேண்டிய டிஎன்ஏ துண்டைப் பிடிக்கும் சின்னத் துணுக்கை) மாற்றிப் போட்டால் வேலை நடந்துவிடும் என்ற தைரியத்தில் இறங்கி முதல் வருஷத்தை முழுசாக வீணடித்தேன். அந்த வருஷத்தில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலை இதுதான்: ஒரு செடி மரபணு கையில் இருக்கிறது, அது எப்போது, எங்கே, யார் சொல்லி முடுக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

உதாரணம் இல்லாமல் பேசினால் அந்தரத்தில் நிற்கும். அதனால் அரபிடாப்சிஸ் செடியின் ஆர்டி29ஏ என்ற மரபணுவைப் பிடித்துக்கொள்வோம். கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி அரபிடாப்சிஸ். செடிகளில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான், 2000-ல். ஆர்டி29ஏ சாதாரண நாளில் ஏறக்குறையத் தூங்கும். தண்ணீர் வற்றினாலோ உப்பு ஏறினாலோ குளிர் அடித்தாலோ எகிறும். ஜப்பானில் யமகுச்சி-ஷினோசாகி, ஷினோசாகி இருவரும் 1994-ல் இதன் புரொமோட்டரை, அதாவது மரபணுவின் வாசலில் இருக்கும் சுவிட்ச் பகுதியை, துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்து, வறட்சிக்குப் பதில் சொல்கிற 9 எழுத்து (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி) நீளத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் நம் முறை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கத் தோது.

பழைய நோட்டில் எதைக் கிழிப்பது, எதை வைத்துக்கொள்வது

அடிப்படை எந்திரம் அப்படியே இருக்கிறது. மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் பாலிமரேஸ் 2 நொதி, டாட்டா பெட்டியைப் பிடிக்கும் புரதம், மீடியேட்டர், 147 எழுத்து டிஎன்ஏவைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் உருளை, அசிட்டைல் ஏறினால் திறப்பது, ஹிஸ்டோனின் 27-ஆம் லைசினில் மூன்று மெத்தில் ஏறினால் மூடுவது, இதெல்லாம் எலிக்கும் செடிக்கும் பொது. இந்தப் பக்கங்களைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிக்க வேண்டியவை சில உண்டு. பாலூட்டிகளில் குரோமோசோமை வளையம் வளையமாகப் பிரித்து, எந்த என்ஹான்சர் (தள்ளி இருந்து மரபணுவை முடுக்கும் டிஎன்ஏ துண்டு) எந்த மரபணுவைத் தொடலாம் என்று வேலி போடுகிற சிடிசிஎஃப் புரதம் செடிகளில் கிடையவே கிடையாது. எலியிலும் பழ ஈயிலும் பாலிமரேஸ் புறப்பட்டு முப்பது, ஐம்பது எழுத்து போனதும் பிரேக் போட்டு நின்று உத்தரவுக்குக் காத்திருக்கும் அல்லவா, அந்த பிரேக்கைப் பிடிக்கிற நெல்ஃப் என்ற கூட்டுப் புரதமும் செடியில் இல்லை. அரபிடாப்சிஸில் தேடிப் பார்த்தபோது அந்த மாதிரி கூர்மையான நிறுத்தம் தென்படவில்லை. ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசோல் நேராகப் போய் உட்காரும் உட்கரு ஏற்பிகள் இல்லை, விலங்குக் காரணிகளான என்எஃப்-கப்பாபி இல்லை, பி53 இல்லை. பதிலுக்கு உங்கள் நோட்டில் இல்லாத இரண்டு பாலிமரேஸ்கள், 4-ம் 5-ம், செடியில் இருக்கின்றன. மரபணுவை இயக்க அல்ல, ஊமையாக்க. அதைக் கடைசியில் பார்ப்போம், அங்கேதான் நான் அதிகமாக அடி வாங்கினேன்.

தூரக் கணக்கும் மாறும். மனிதரில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கை, கால் மொட்டில் இயக்கும் என்ஹான்சர் ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எறியப்படும் பகுதிக்குள்) உட்கார்ந்திருக்கிறது; அதில் ஒரு எழுத்து பிசகினால் ஆறாவது விரல் முளைக்கும். அரபிடாப்சிஸில் அவ்வளவு தூரத்துக்கு இடமே இல்லை. மொத்தம் சுமார் 13.5 கோடி எழுத்து, அதில் 27,000 சொச்சம் புரத மரபணுக்கள், வகுத்துப் பார்த்தால் 5,000 எழுத்துக்கு ஒரு மரபணு. எனவே சுவிட்ச் பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும். ஆனால் இதை எல்லாச் செடிக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொண்டால் மக்காச்சோளத்தில் மாட்டிக்கொள்வீர்கள். காட்டுப் புல்லாக இருந்த மக்காச்சோளத்தை ஒற்றைத் தண்டாக்கிய டிபி1 மரபணுவின் சுவிட்ச் 60,000 எழுத்து தள்ளி இருக்கிறது, அதற்குள் ஒரு தாவும் மரபணு வந்து குடியேறியதால்தான் அந்த மாற்றமே வந்தது. பெரிய தொகுதி உள்ள செடி என்றால் தூரத்தையும் தேடுங்கள்.

முதலில் வளர்ப்பு அறையைக் கவனியுங்கள்

எலி செல்லை 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு என்று இன்குபேட்டரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். செடிக்கு வெளியே நடக்கும் ஒவ்வொன்றும் செய்தி. எழுந்து நிழலுக்குப் போக முடியாத உயிர் என்பதால் வெளிச்சம், சூடு, ஈரம், காற்று, பக்கத்துச் செடியின் நிழல் என்று எல்லாமே நேராக மரபணு சுவிட்சுக்குத்தான் போகின்றன. வெப்ப அதிர்ச்சிக் காரணிகளையே (சூட்டில் மரபணுவை முடுக்கும் புரதங்கள்) எடுத்துக்கொள்ளுங்கள்: மனிதருக்கு ஆறேழு, அரபிடாப்சிஸுக்கு 21.

என் கதையைச் சொல்கிறேன். ஆர்டி29ஏ போலவே ஒரு மரபணுவுக்கு உப்புச் சோதனை வைத்தேன். உப்பு கொடுத்த செடியிலும் ஏறியிருந்தது, வெறும் தண்ணீர் கொடுத்த கன்ட்ரோல் செடியிலும் ஏறியிருந்தது. ப்ரைமரைச் சந்தேகப்பட்டேன், ஆர்என்ஏவைச் சந்தேகப்பட்டேன், உப்புப் புட்டியின் லேபிளைக்கூட இரண்டு தடவை படித்தேன். கடைசியில் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது: ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. ஏப்ரல் மாதம். 22 டிகிரியில் இருக்க வேண்டிய அறை எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே இருநூறு ரூபாய்க்கு ஒரு மேக்ஸிமம்-மினிமம் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே மாட்டினேன். நீங்கள் முதல் நாளே மாட்டுங்கள்.

அடுத்தது மணி. அரபிடாப்சிஸ் மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள் கடிகாரத்தைப் பார்த்து ஏறி இறங்குகின்றன. கன்ட்ரோலைக் காலை 10 மணிக்கும் சோதனைச் செடியை மாலை 4 மணிக்கும் பறித்தால் நீங்கள் அளந்தது உப்பை அல்ல, ஆறு மணி நேரத்தை. ஆர்டி29ஏவைக் குளிரில் இயக்கும் சிபிஎஃப் காரணிகள் இதற்கு நல்ல உதாரணம்: விளக்கு எரிந்து 4 மணி நேரம் கழித்துக் குளிரில் வைத்தால் அவை தாராளமாக ஏறும், அதே குளிரை 16 மணி நேரம் கழித்துக் கொடுத்தால் கொஞ்சம்தான் ஏறும். குளிர் அதேதான், செடியும் அதேதான். ஆகவே விளக்கு எரிந்த நேரத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணி, எல்லா மாதிரியையும் ஒரே மணியில், கன்ட்ரோலோடு சேர்த்தே பறியுங்கள். பறித்த இலை விரலுக்கும் திரவ நைட்ரஜனுக்கும் நடுவே நிற்கும் நேரம்கூட முக்கியம், ஏனென்றால் கிள்ளுவதும் காயம்தான், காயத்துக்கும் செடி நிமிடக் கணக்கில் மரபணுவை முடுக்கும். முப்பது செடியை ஒரு தட்டில் பறித்துச் சேர்த்துவிட்டு அப்புறம் மொத்தமாக உறைய வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆர்என்ஏ எவ்வளவு என்று அளக்கும் க்யூபிசிஆர் பற்றி நீட்ட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். அளவு மாறாத ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டின் ஒன்றை மட்டும் நம்பாமல் பிபி2ஏ, யுபிகியூ10 இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுத்த ஆர்என்ஏ நகல்) குறைந்தால் படியெடுப்பு குறைந்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். விலங்கில் மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டித் துணுக்கு ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே போய் ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் தடுக்கும், மெல்லக் கரைக்கும். செடியில் ஏறக்குறைய முழு நீளமும் பொருந்தி எம்ஆர்என்ஏவைக் கத்தரித்தே போட்டுவிடும். அதிலும் அவை குறிவைப்பது பெரும்பாலும் படியெடுப்புக் காரணிகளின் எம்ஆர்என்ஏவைத்தான். எனவே இன்ட்ரானுக்குள் ஒரு ப்ரைமர் ஜோடி போட்டு, வெட்டி ஒட்டாத புது ஆர்என்ஏவையும் அளந்து பாருங்கள். புதுசும் குறைந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று சொல்லலாம்; புதுசு அப்படியே இருந்து முதிர்ந்தது மட்டும் குறைந்திருந்தால் கத்தரி வேலை செய்கிறது. டிஎன்ஏஸ் போட்டுச் சுத்தம் செய்யாமல் இதைச் செய்தால் டிஎன்ஏவையே அளந்து சந்தோஷப்படுவீர்கள், அது வேறு.

வாசலைப் படிக்கும்போது ஏமாறாமல் இருக்க

அரபிடாப்சிஸ் தகவல் தளமான டெய்ரில் மரபணுவைத் திறந்து, படியெடுப்பு தொடங்கும் இடத்துக்கு மேலே 1,500 முதல் 2,000 எழுத்து எடுங்கள். நடுவில் பக்கத்து வீட்டு மரபணு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நெல் என்றால் ரேப்-டிபி, மற்றவைக்கு என்செம்பிள் பிளான்ட்ஸ். இதை, தெரிந்த சுவிட்ச் துண்டுகளைத் தேடித் தரும் பிளான்ட்கேர் மாதிரி ஒரு தளத்தில் போட்டதும் கலர் கலராக நாற்பது ஐம்பது பெட்டிகள் வரும். வறட்சி, வெளிச்சம், ஆக்சின் ஹார்மோன், காயம், விதை, எல்லாம் இருக்கும். என் முதல் கமிட்டி மீட்டிங்கில் அந்தக் கலர் படத்தை ஒரு ஸ்லைடு முழுக்கப் போட்டு, "இந்த மரபணு பதினோரு சமிக்ஞைகளுக்குப் பதில் சொல்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஒரு பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: "தற்செயலாக எத்தனை வரும்?"

கணக்கு சுலபம்தான். நாலு எழுத்தில் அமையும் சொல், தற்செயலாகவே 256 எழுத்துக்கு ஒரு தடவை வரும். ஏபிஏ என்ற வறட்சி ஹார்மோனுக்குப் பதில் சொல்லும் துண்டின் நடுக்கரு ஏ-சி-ஜி-டி. 2,000 எழுத்தில் சும்மாவே எட்டு கிடைக்கும். வறட்சித் துண்டின் கரு சி-சி-ஜி-ஏ-சி, அதற்கு முன் ஏ அல்லது ஜி. ஒரு இழையில் 2,048 எழுத்துக்கு ஒன்று, இரண்டு இழையையும் பார்த்தால் 1,024-க்கு ஒன்று, ஆக 2,000 எழுத்தில் எந்த மரபணுவாக இருந்தாலும் இரண்டு எதிர்பார்க்கலாம். உங்கள் மரபணுவில் இரண்டு இருக்கிறது என்பது ஒரு செய்தியே இல்லை. எழுத்துகள் சம அளவில் இல்லாததால் எண்ணிக்கை கொஞ்சம் மாறும், செடிகளின் வாசலில் ஏவும் டியும் கூடுதல். ஆனால் கணக்கின் குணம் இதுதான்.

அதனால் தளம் காட்டும் பட்டியலைக் குறைக்க வேறு சாட்சி தேடுங்கள். உறவுக்காரச் செடிகளில், காலிஃபிளவரும் கடுகும் மாதிரி, அதே இடத்தில் அந்தத் துண்டு காப்பாற்றப்பட்டிருக்கிறதா? அந்தப் பகுதி உங்கள் திசுவில் திறந்த குரோமாட்டினாக (ஹிஸ்டோன் இறுக்காத டிஎன்ஏவாக) இருக்கிறதா? காரணியைத் தனியாகச் செய்து வெற்று டிஎன்ஏவோடு கலந்து, எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கும் டாப்-செக் முறையில் 2016-ல் அரபிடாப்சிஸின் 500-க்கும் மேற்பட்ட காரணிகளுக்கு வரைபடம் வந்துவிட்டது, அதில் உங்கள் வாசல் இருக்கிறதா? மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அந்தத் துண்டை எடுத்து வேலை பார்க்கலாம்.

வெட்டி எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. எலிப் புரொமோட்டரை எடுக்கிற பழக்கத்தில் தொடக்கப் புள்ளியோடு கத்தரித்துவிடாதீர்கள். செடிகளில் முதல் இன்ட்ரான் மரபணுவின் வெளிப்பாட்டைப் பல மடங்கு தூக்கிவிடுவது சர்வ சாதாரணம், மக்காச்சோள யுபிக்விட்டின் புரொமோட்டரை எல்லோரும் முதல் இன்ட்ரானோடு சேர்த்தே ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பூவில் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் வரைகிற அகாமஸ் மரபணுவுக்கோ சுவிட்சின் முக்கியப் பகுதியே இரண்டாவது இன்ட்ரானுக்குள் இருக்கிறது. வாசலை மட்டும் வெட்டிப் போய் வைத்தால் ஒன்றும் எரியாது, நீங்கள் குளோனிங்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நீலத்தைப் பார்ப்பது

விலங்கு லேபில் வாசல் எங்கே எரிகிறது என்று நீலமாகக் காட்டப் பயன்படுவது லாக்-இசட் மரபணு, அது தருவது பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி. செடியில் அது உதவாது, செடியிடம் சொந்தமாகவே பீட்டா-கேலக்டோசிடேஸ் நிறைய இருக்கிறது, எங்கு பார்த்தாலும் நீலமாகத்தான் தெரியும். பாலூட்டிகளில் பீட்டா-குளுக்குரோனிடேஸ் சொந்தச் சரக்கு, செடியில் ஏறக்குறைய இல்லை. எனவே 1987-ல் ஜெஃபர்சன் குழு குடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அந்த நொதியைச் செடிக்குள் கொண்டுவந்தது. அதுதான் இன்றைக்கும் நாம் போடும் கஸ் சாயம்.

செய்முறை எளிது. வாசலையும் கஸ்ஸையும் சேர்த்து அக்ரோபாக்டீரியத்தில் (செடிக்குள் டிஎன்ஏவைச் செருகும் பாக்டீரியா) ஏற்றி, 5 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் கலக்கி, சில்வெட் என்ற ஈரமாக்கி ஒரு சொட்டு விட்டு, மொட்டு வைத்த அரபிடாப்சிஸைத் தலைகீழாக முக்கி எடுக்கிறீர்கள். வந்த விதைகளைக் கனாமைசின் (ஆன்டிபயாட்டிக்) தட்டில் தூவினால் நூற்றுக்கு ஒன்று பச்சையாக நிற்கும், மற்றதெல்லாம் வெளுத்துப் போகும். எலியில் ஒரு வருஷம் பிடிக்கிற வேலை மூன்று மாதத்தில் முடிவது செடிக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். (நெல்லில் இப்படி முக்க முடியாது, கேலஸ் என்ற செல் கட்டியை வளர்த்து, தொற்ற வைத்து, மறுபடி செடியாக்க வேண்டும். பாக்கியம் அங்கே கொஞ்சம் குறைவு.)

ஆனால் அக்ரோபாக்டீரியம் உங்கள் துண்டைத் தொகுதியில் எங்கே செருகும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வலுவான மரபணு இருந்தால் அதன் குணம் ஒட்டிக்கொள்ளும், மூடிய இடத்தில் விழுந்தால் ஊமையாகும். ஒரு வரிசையை, அதாவது ஒரே செருகலிலிருந்து வந்த செடிக் குடும்பத்தை, மட்டும் பார்த்து முடிவெடுப்பது தப்பு. பத்துப் பதினைந்து தனித்தனி வரிசைகள் வைத்துக்கொண்டு, பெரும்பாலானவற்றில் எது பொதுவாகத் தெரிகிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

சாயம் போடும் நாளில் ஐந்தாறு நாள் நாற்றை எக்ஸ்-குளுக் (கஸ் நீலமாக்கும் பொருள்) கரைசலில் போட்டு, வெற்றிடப் பம்பில் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். இலைக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறி, வெற்றிடத்தை விட்டதும் நாற்று கரைசலைக் குடித்து அமிழும். அமிழாமல் மிதப்பது இன்னும் குடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி வையுங்கள். மெழுகுத் தோலும் செல் சுவரும் உள்ள திசு இது, எலி செல் மாதிரி ஊற்றினால் உள்ளே போகாது. 37 டிகிரியில் சில மணி நேரம், அப்புறம் 70 சதவீத எத்தனாலில் பச்சையம் போகும்வரை மாற்றி மாற்றி ஊறல். கண்ணாடி மாதிரி வெளுத்த நாற்றில் வேர் நுனிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மெல்லிய நீலக் கோடு ஓடுவதை முதல் தடவை பார்க்கிற சந்தோஷம் தனி. உப்புக் கொடுத்த ஆர்டி29ஏ நாற்றோ வேர், இலை என்று பரவலாக நீலமாகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கஸ் புரதம் லேசில் அழியாது, ஆகவே நேற்று எரிந்த விளக்கும் இன்றைக்கு எரிவது போலத்தான் தெரியும். ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் லூசிஃபெரேஸ் என்ற ஒளி தரும் நொதியைப் போடுங்கள்.

யார் சுவிட்சைத் தொடுகிறார்கள்

வாசலில் உட்காரும் காரணியைத் தேடும்போது விலங்குக்காரர்கள் தடுமாறுவது குடும்பங்களின் அளவில். மனிதருக்கு சுமார் 20,000 மரபணுவில் 1,600 காரணிகள், அரபிடாப்சிஸுக்கும் 1,500-க்குக் குறையாது, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குடும்பங்களின் பங்கு வேறு. மனிதரில் மிப் குடும்பம் என்றால் மூன்று பேர். அரபிடாப்சிஸில் அந்தக் கூட்டத்தின் ஆர்2ஆர்3 கிளையில் மட்டும் 120-க்கும் மேல். உங்களுக்கு எஸ்ஆர்எஃப், மெஃப்2 என்று ஒரு கைக்குள் அடங்கும் மேட்ஸ் குடும்பம், செடியில் நூறைத் தாண்டும். விலங்கில் ஹாக்ஸ் காரணிகள் செய்கிற, எந்த இடத்தில் எந்த உறுப்பு என்ற வேலையைப் பூவில் இவர்கள்தான் பார்க்கிறார்கள். நாக், ஏபி2/இஆர்எஃப் மாதிரி குடும்பங்களை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள்.

பெரிய குடும்பம் என்றால் ஒருவர் போனால் அண்ணன் தம்பி வேலையைப் பார்த்துவிடுவார்கள். ஒரு மரபணுவை உடைத்துவிட்டுச் செடி ஒன்றுமே நடக்காத மாதிரி வளர்வதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். ஆர்டி29ஏவைக் குளிரில் இயக்கும் சிபிஎஃப்1, 2, 3 மூவரும் 4-ஆம் குரோமோசோமில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று தனி முட்டேஷன்களைக் கலந்து ஒரே செடியில் சேர்க்க வழியில்லை, அவ்வளவு நெருக்கம். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் வந்த பிறகு 2016-ல்தான் மூவரையும் ஒன்றாகத் தூக்கிய செடி கிடைத்து, குளிருக்கு எவ்வளவு முக்கியம் என்று தெளிவானது. ஆகவே தொடங்கும்போதே குடும்ப மரத்தை வரைந்து, யார் நெருங்கியவர் என்று பார்த்து, இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உடைக்கிற மாதிரி கிரிஸ்பருக்கு வழிகாட்டும் கைடு ஆர்என்ஏ வடிவமையுங்கள்.

சில நேரம் எதிர்மாறாக ஒரே ஒருவர் எல்லாவற்றையும் மாற்றுவார். நெல்லில் சப்1ஏ என்ற இஆர்எஃப் காரணி ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லில் இருந்தது, பல ரகங்களில் அந்த மரபணுவே கிடையாது. அது இருந்தால் பயிர் தண்ணீருக்குள் மூழ்கியதும் நீண்டு வளர்ந்து சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும், இரண்டு வாரம் கழித்து வடிந்தாலும் பிழைக்கும். டெல்டாவில் சிஆர் 1009 சப்-1 போட்டவர்களிடம் கேட்டால் படியெடுப்புக் காரணி என்றால் என்னவென்று தெரியாமலே அதன் வேலையைத் தெளிவாகச் சொல்வார்கள்.

காரணி நிஜமாகவே அங்கே உட்காருகிறதா என்பதற்குச் சிப் (காரணியை டிஎன்ஏவோடு ஒட்ட வைத்துப் பிடித்தெடுக்கும் சோதனை) செய்துதான் ஆக வேண்டும். 1 சதவீத ஃபார்மால்டிஹைடை இங்கேயும் வெற்றிடம் போட்டு உள்ளே செலுத்துங்கள், பத்துப் பதினைந்து நிமிடம், அப்புறம் கிளைசீன் போட்டு நிறுத்துங்கள். செடி செல்லின் பெரும்பகுதி வேக்யூவோல், அதாவது வெறும் தண்ணீர்ப்பை, ஆகவே எலி செல்லுக்கு எடுக்கும் எடையை எடுத்தால் டிஎன்ஏ போதாது. கிராம் கணக்கில் எடுத்து, முதலில் உட்கருவைப் பிரித்து, அப்புறம்தான் மற்றது.

செய்தி வருகிற வழியிலும் ஒரு பொறி. விலங்கில் ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பியில் உட்கார, ஏற்பியே போய் டிஎன்ஏவில் உட்காரும். செடிக்குப் பிடித்த வழி வேறு: ஒரு காவல்காரன் காரணியை அமுக்கிப் பிடித்திருப்பான், ஹார்மோன் வந்ததும் அந்தக் காவல்காரனைக் குப்பைக்கு அனுப்பிவிடும். ஆக்சினின் ஏற்பி எது என்று பல வருஷம் தேடி, 2005-ல் பார்த்தால் அது டிர்1, குப்பைக்கு அனுப்ப முத்திரை குத்துகிற கூட்டத்தில் ஒரு ஆள். ஜிப்பரெல்லினும் ஜாஸ்மோனேட்டும் இதே வழிதான். (பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை, ஜிப்பரெல்லின் சொன்னாலும் குப்பைக்குப் போக மறுக்கும் டெல்லா காவல்காரனால் குட்டையானது. நம் ஊரில் பரவிய ஐஆர்8 நெல் குட்டையானது வேறு வழி, அதில் ஜிப்பரெல்லின் தயாரிக்கும் நொதியே பழுது.) இதில் பொறி என்னவென்றால், ஆக்சின் கொடுத்ததும் ஆக்ஸ்/ஐஏஏ காவல்காரர்களின் புரதம் அழியும், அதே நிமிடங்களில் அவர்களுடைய எம்ஆர்என்ஏ ஏறும், ஏனென்றால் திறந்துவிட்ட காரணி முதலில் முடுக்குவது அவர்களைத்தான். எம்ஆர்என்ஏவை மட்டும் அளந்தவர் "ஆக்சின் காவலைக் கூட்டுகிறது" என்று நேர் எதிராக எழுதுவார். புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் போடுங்கள். எம்ஜி132 என்ற மருந்து கொடுத்து, புரதம் அழிக்கும் குப்பைத்தொட்டியை அடைத்துவிட்டும் ஒரு தடவை பாருங்கள்.

திடீரென்று எல்லாம் ஊமையானால்

எலி செல்லில் சிஎம்வி என்ற வைரஸ் புரொமோட்டர் போடுகிற கைப்பழக்கத்தில் செடியில் 35எஸ் போடுவோம். காலிஃபிளவர் வைரஸிலிருந்து வந்த இந்தப் புரொமோட்டர் எங்கும் எப்போதும் எரியும். பிரச்சினையும் அதுதான். சிபிஎஃப்3-ஐ 35எஸ்ஸில் ஓட்டினால் செடி வறட்சியைத் தாங்கும், ஆனால் குட்டையாகக் கிடக்கும். அதே காரணியை ஆர்டி29ஏ வாசலில் வைத்தால் தேவைப்படும்போது மட்டும் எரிந்து, வளர்ச்சியும் பாதிக்காது. 1999-லேயே காட்டிவிட்டார்கள், இன்னும் எல்லோரும் 35எஸ்தான் போடுகிறோம்.

மேலும் அளவுக்கு மீறி எரிவதைச் செடி வைரஸ் என்று சந்தேகப்படும். 1990-ல் பெட்டூனியாப் பூவின் ஊதாவைக் கூட்டலாம் என்று நிற மரபணுவின் இன்னொரு பிரதியை ஏற்றினார்கள். பூ வெள்ளையாகவும் பட்டை பட்டையாகவும் பூத்தது. ஏற்றியதும் ஊமை, ஏற்கனவே இருந்ததும் ஊமை. உங்கள் அழகான வரிசை மூன்றாம் தலைமுறையில் மங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அது படியெடுத்த பின் நடக்கும் கத்தரிப்பு. வாசலையே பூட்டுகிற வேலை பாலிமரேஸ் 4-க்கும் 5-க்கும்: 4 எடுத்துத் தரும் ஆர்என்ஏ, 24 எழுத்துத் துணுக்குகளாக நறுக்கப்படும், 5 எடுக்கும் ஆர்என்ஏவில் அந்தத் துணுக்கு பொருந்துகிற இடமெல்லாம் டிஎன்ஏவில் மெத்தில் ஏறும்.

ஆர்டி29ஏ கதையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஆர்டி29ஏ வாசலில் லூசிஃபெரேஸ் வைத்த செடிகளை மியூட்டேஷனுக்கு உட்படுத்தித் தேடியபோது, லூசிஃபெரேஸும் செடியின் சொந்த ஆர்டி29ஏயும் சேர்ந்து அணைந்த செடி ஒன்று சிக்கியது. பழுதானது ராஸ்1, மெத்தில் ஏறிய எழுத்தை நேராகப் பிடுங்கி எறியும் நொதி, 2002-ல் வெளிவந்தது. பாலூட்டிகள் டெட் நொதியால் மெத்திலை ஆக்சிஜனேற்றி, சுற்றி வளைத்துத்தான் அகற்றுகின்றன.

மெத்தில் பார்க்க பைசல்ஃபைட் (மெத்தில் இல்லாத சியை டியாகப் படிக்க வைக்கும் வேதிப்பொருள்) போடுவீர்கள், அங்கே கடைசிக் குழி. எலியில் மெத்தில் பெரும்பாலும் சி-ஜி ஜோடியில் மட்டும் என்பதால், மற்ற சி எல்லாம் டி ஆகிவிட்டதா என்று பார்த்து வேதிமாற்றம் முழுசாக நடந்ததா என்று முடிவு செய்வோம். செடியில் சி-ஜி, சி-எச்-ஜி, சி-எச்-எச் என்று மூன்று இடத்திலும் மெத்தில் ஏறும் (எச் என்றால் ஜி தவிர எதுவும்), மூன்றையும் காப்பாற்றும் நொதிகளும் வேறு வேறு. மாறாமல் நிற்கும் சி மெத்தில் ஏறியதா, கரைசல் சரியாக வேலை செய்யவில்லையா என்று அந்த மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல வைப்பது பசுங்கணிக டிஎன்ஏ. அதில் மெத்தில் இல்லை, எந்த இலை மாதிரியிலும் சும்மாவே கூட வந்துவிடும். அதில் ஒரு துண்டைப் பெருக்கி சி எல்லாம் டி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அந்தப் பேட்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிட்டைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து.